ஒரே ஒரு முகாம் கேட்ட குழாய்

அக்டோபர் 14, செவ்வாய்

இந்த நேரத்தில் உன்னைத் திறப்பதற்கு மன்னித்துக்கொள், நோட்டே. மஹதி இப்போதுதான் தூங்கினாள். பத்து மாதக் குழந்தைக்கு மூக்கடைத்தால் வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது.

ஆனால் இன்று எழுதியே ஆக வேண்டும். எங்கள் ஆபீஸ் சார்பில் நான் போட்டுக் கொடுத்த கொள்முதல் அட்டவணைக்கு ராணுவத் தலைமையகத்தில் கையெழுத்தாகிவிட்டது! மலைமேல் முப்பத்தோரு ராணுவ முகாம்கள். ஆளுக்கொரு விதமாகப் பத்தொன்பது வகை ஹீட்டர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்றின் உதிரிபாகம் இன்னொன்றுக்குச் சேராது. இனி எல்லாருக்கும் ஒரே மண்ணெண்ணெய் ஹீட்டர், ஒரே திரி. விதி எளிது: பல முகாம்கள் கேட்டது நிற்கும். ஒரே ஒரு முகாம் கேட்டது அவர்கள் சொந்த விருப்பம், அடித்துவிடலாம்.

முதலாளி சுப்புராயன் சார் சிரித்தார். "ஆழ்வார்பேட்டை ஏசிக்கே சால்வை போத்திக்கிற பொண்ணு, மதுவந்தி, மிலிட்டரிக்கே ஹீட்டர் எழுதிட்டே!"

அக்டோபர் 17, வெள்ளி

விடாத மழை. குளியலறை ஜன்னலில் சாரல், கொசு. அட்டை வெட்டி, சுற்றிலும் டேப் ஒட்டி அடைத்துவிட்டேன். மாமியாருக்குத் திருப்தி. "நல்ல காரியம் பண்ணினே. கொழந்தைக்குக் காத்துப் படாது."

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எழுத முடியவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

நேற்று விடிவதற்குள் எண்ணெய் ஸ்நானம். மாமனார், மாமியார், கணவன் ஸ்ரீவத்சன் என்று வரிசையாக. குளியலறைக்குள்ளேயே இருக்கும் கேஸ் கீசர் ஒரு மணி நேரம் அணையவே இல்லை. கடைசியாக நான், மடியில் மஹதி. தலைக்குச் சீயக்காய் போட்டது ஞாபகம் இருக்கிறது. பிறகு கால் துவண்டது. தூக்கம் வருகிறதே, தீபாவளியும் அதுவுமாய் என்ன தூக்கம் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

"மது! கதவைத் திற! என்ன பண்ணிண்டிருக்கே?" ஸ்ரீவத்சன் கதவை உடைத்திருக்கிறான். குழந்தை அழவே இல்லையாம். வெளியே தூக்கிக்கொண்டு போய், முதுகைத் தேய்த்து, ஒரு நிமிஷம் கழித்துத்தான் அழுதாளாம்.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். இருவரும் நலம். நலம், நலம் என்று எத்தனை தடவை எழுதினாலும் நெஞ்சு அடங்கவில்லை.

இன்று கீசர் பார்க்க மெக்கானிக் கலீமுல்லா பாய் வந்தார். அட்டையைப் பிய்த்து என் முன்னால் போட்டார். "இன்னா மேடம் இது? நெருப்பு எரியுது, ஜன்னல அடச்சி வச்சிகிறீங்க. பொகை எங்க போவும்? கண்ணுக்கும் தெரியாது, வாசனையும் வராது. தூங்குற மாரியே ஆளத் தூக்கிகினு பூடும்."

மாமியார் என்னைப் பார்த்தார். அட்டையை எடுத்துக் குப்பையில் போட்டார்.

புகை எங்கே போகும்? இந்தக் கேள்வியை எங்கோ படித்திருக்கிறேன். எங்கே?

அக்டோபர் 22, புதன்

கிடைத்துவிட்டது. பதினான்காவது முகாம் ஹீட்டர் கேட்டு அனுப்பிய பழைய படிவம். கையால் எழுதியது: "புகை வெளியே போகச் சுவரைத் துளைத்துக் குழாய் வேண்டும். குழாய் இல்லாத ஹீட்டர் வேண்டாம்." குறுக்கே என் சிவப்புக் கோடு. ஓரத்தில் என் கையெழுத்தில், "ஒரு முகாம் மட்டும்."

பக்கத்தைத் திருப்பினேன். அன்றைக்கு ஏன் திருப்பவில்லை?

"போன குளிரில் இரண்டு பேர் தூக்கத்திலேயே போய்விட்டார்கள். — சங்கரன், நாயப் சுபேதார், கிடங்குப் பொறுப்பு."

படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டேன், நாளை சாரிடம் காட்ட.

அக்டோபர் 23, வியாழன்

சாரிடம் சொன்னேன்.

"ஒரு முகாம் கேட்டதுக்கு முப்பத்தொண்ணையும் நிறுத்தச் சொல்றியா?"

"மத்த முப்பதுலயும் சுவத்துலயே புகைபோக்கி கட்டியிருக்கு சார். அதான் அவங்க கேக்கல. இவங்க தகரக் கொட்டகையில இருக்காங்க."

"சரக்கு கெளம்பிடுச்சும்மா. இப்ப நோண்டினா இனிமே நம்மள யார் கூப்பிடுவாங்க?"

"நான் செஞ்ச தப்புன்னு எழுதறேன் சார்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "உன் பேர்லயே எழுது. என் பேர் வேணாம்."

இன்றே தலைமையகத்துக்கு எழுதி அனுப்பிவிட்டேன். வேலை போனால் போகட்டும். இல்லை, போனால் வீட்டுக் கடன்? தெரியவில்லை. மஹதி அழாத அந்த ஒரு நிமிஷத்துக்கு மேல் எனக்கு எதுவும் தெரியவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

தலைமையகத்திலிருந்து பதில்: பதினான்காவது முகாமுக்குக் குழாய் வைத்த ஹீட்டர் தனியாக வரும், விதி திருத்தப்படும். ஆனால் குழாய் இல்லாத நாற்பது ஹீட்டர்கள் லாரியில் அந்த முகாமுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. முறைப்படி தகவல் போகப் பத்து நாளாகுமாம். பத்து நாளா! அங்கே பனி தொடங்கிவிட்டதாமே.

படிவத்தின் கீழே சங்கரனின் மின்னஞ்சல் முகவரி இருந்தது. எழுதிவிட்டேன். இங்கே ஒரு நகல்:

"ஐயா, வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. குழாய் வேண்டும் என்று நீங்கள் எழுதிய வரியைச் சென்னையில் உட்கார்ந்து அடித்தவள் நான். புதிதாக வந்த நாற்பது ஹீட்டர்களில் குழாய் இல்லை. தயவுசெய்து ஒன்றைக்கூடப் பற்ற வைக்காதீர்கள். வைத்திருந்தால் உடனே அணைத்து, கதவுகளைத் திறந்து, தூங்குகிறவர்களை எழுப்பிவிடுங்கள். சரியான ஹீட்டர் வருகிறது. எல்லாரும் நலமா என்று ஒரு வரி எழுதினால் போதும். சீக்கிரம் பதில் போடுங்கள்."