ஹெட் ஆச்சே

ஜூலை 14, செவ்வாய்

தாம்பரம் சர்ச் ஹாலில் சாயங்கால இங்கிலீஷ் வகுப்பு. பல்லாவரம் தோல் கம்பெனியில் வேலை பார்க்கும் செல்வி, தலைவலிக்கான சொல்லை எழுத்துக்கூட்டி “ஹெட் ஆச்சே” என்று வாசித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் சிரித்தேன். பிறகுதான் “ஹெட் ஏக்” என்று திருத்தினேன்.

அவள் அசரவில்லை. “சி ஹெச் போட்டா ‘ச்’தான மிஸ்? சேர், சென்னை, இந்த சர்ச்சு, எல்லாம் அப்பிடித்தான கீது?” என்றாள்.

“அது அப்படித்தான்” என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். அவள் நோட்டை மூடி வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பெரிய அகராதியைப் புரட்டினேன். ஒரு காலத்தில் வலிப்பதற்கு ‘ஏக்’ என்றும் வலிக்கு ‘ஏச்’ என்றும் சொல்லியிருக்கிறார்கள். பின்னால் வந்த அகராதிக்காரர் ஒருவர் அதைக் கிரேக்கச் சொல் என்று தப்பாக நினைத்து, கிரேக்கச் சொற்களில் ‘க்’ என்று ஒலிக்கும் சி ஹெச்சை இரண்டுக்குமே போட்டுவிட்டார்; பேச்சில் ‘ஏக்’ மட்டும் நின்றுவிட்டது. செல்வி கேட்ட ‘ச்’ நிஜமாகவே இருந்திருக்கிறது.

இருபது வருஷமாக இந்தச் சொல்லைச் சொல்லித்தருகிறேன். ஒரு நாள்கூட நான் கேட்காத கேள்வியை அவள் முதல் வாசிப்பிலேயே கேட்டுவிட்டாள். வியாழக்கிழமை, அடுத்த வகுப்பில், எல்லோர் முன்னாலும் இதைச் சொல்ல வேண்டும்.

அவள் வர வேண்டும்.