கெட் பேக்

ஆரணி
10.2.2025

அன்பு மகள் தேவகிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்வாள். அதனால் கடிதம்.

உன்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன வந்தவாசிக்காரர்களிடமிருந்து பதில் இல்லை. நானே மாப்பிள்ளைப் பிள்ளை இளஞ்செழியனுக்குப் போன் போட்டேன். “கெட் பேக் பண்றோம் அங்கிள்” என்று வைத்துவிட்டார்.

“ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்” என்றால் எனக்கு விளங்கும். தட்டில் பஜ்ஜி மிச்சமிருக்கிறதா என்று பார்த்தால் போதும். இதற்கு எதைப் பார்ப்பது? பெங்களூரில் வேலைக்கு ஆள் எடுப்பவள் நீ. விளக்கி எழுது.

அவசரம் எதற்கென்றால், அவருடைய அம்மா நம் தறியைத் தடவி, “இந்தக் கரை பொண்ணுக்கு நல்லா எடுக்கும்” என்றார். மறுநாளே உன் முகூர்த்தப் புடவைக்குப் பாவு ஏற்றிவிட்டேன்.

அப்பா
சக்கரவர்த்தி

பெங்களூரு
14.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

அது மரியாதையான பேச்சுதான். யோசித்துவிட்டு மறுபடி பேசுகிறோம் என்று அர்த்தம். நேர்காணலுக்கு வருகிறவர்களிடம் நானும் தினமும் சொல்கிறேன். இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

நெய்வதைக் கொஞ்சம் நிறுத்திவையுங்களேன். பிரஷர் மாத்திரையை மறக்காதீர்கள்.

தேவகி

ஆரணி
18.2.2025

அன்பு மகளுக்கு,

அப்படிச் சொல்லியனுப்பிய யாரையாவது மறுபடி கூப்பிட்டிருக்கிறாயா? மறைக்காமல் எழுது. எனக்குத் தூக்கமில்லை. புடவை முந்தானை வரை வந்துவிட்டது.

அப்பா

பெங்களூரு
22.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒருவரைக்கூடக் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லத் தைரியமில்லாதவர்கள் சொல்வது அது. புடவையை விற்றுவிடுங்கள்.

தேவகி

ஆரணி
27.2.2025

அன்பு மகள் தேவகிக்கு,

இளஞ்செழியன் நேரிலேயே வந்தார். நான் நிற்கவைத்தே கேட்டேன்: “வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க தம்பி. ஏன் பேஜார் பண்றீங்க?”

“நாங்க அன்னிக்கே சரின்னுட்டோம் அங்கிள். தேவகிதான் கெட் பேக் பண்றேன்னாங்க. அதுவரைக்கும் உங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க. நானும் போனையே பார்த்துகினு இருக்கேன்” என்றார்.

பாவம், அவருக்கும் அர்த்தம் தெரியவில்லை. நீ எனக்கு எழுதியதைப் படித்துக் காட்டினேன். தெளிவாக எழுதியிருக்கிறாய். ஒரே தடவையில் புரிந்துகொண்டார். காபி மட்டும் குடித்தார்.

புடவையைத் தறியிலிருந்து அறுத்து இறக்கியாயிற்று. நாளை கடைக்குப் போகிறது.

நீ எப்போது ஊருக்கு வருவாய் என்று அம்மா கேட்டாள். கெட் பேக் பண்ணுவாய் என்று சொல்லியிருக்கிறேன்.

அப்பா
சக்கரவர்த்தி