ஆடிக்கு முன்னால் ஒரு வார்த்தை

1989 ஜூன் 26, திங்கள்
வெயில் குறையவே இல்லை. குழாயில் தண்ணீர் மஞ்சளாக. வடிகட்டி வைத்தேன்.

மாலை மேனாம்பேடு. ரோஸ்லின் டீச்சர் விற்கப்போகும் வீட்டை இன்னொரு முறை பார்த்தோம். அலுக்கவில்லை. கிணறு, துவைக்கிற கல், கிழக்கே ஜன்னல் வைத்த சமையலறை. எல்லாவற்றுக்கும் மேல், பக்கத்து வீடு மங்கா அக்கா. குவார்ட்டர்ஸில் அத்தனை வருஷம் சுவருக்குச் சுவர் இருந்தோம். டீ போட்டால் சுவரில் இரண்டு தட்டு. நானும் டம்ளரோடு போய் நிற்பேன். அவர் வீட்டுக்காரர் ரிடையராகி இங்கே வந்த பிறகு அந்தச் சுவர் வெறும் சுவர்.

ஆகஸ்டோடு இவருக்கும் ரிடையர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். இந்த வீடு அமைந்தால் இங்கே. இல்லையென்றால் தென்காசிப் பக்கம், இவர் தம்பி வீட்டு மாடி.

அக்கா காம்பவுண்டுச் சுவர் எழுப்புகிறார். டீச்சர் வீட்டுப் பக்கம் ஓர் ஆள் நுழையும் அளவு வழி. கொத்தனார் ஏன் என்று கேட்க, "அது செண்பகம் வர்ற வழிப்பா, அத்த உட்டுடு" என்றார். டீச்சரும் சிரித்தார்.

ஜூன் 30, வெள்ளி
பத்திர நகல்களை வக்கீலிடம் கொடுத்து ஒரு வாரத்துக்கு மேல். 'எல்லாம் சரி, வாங்கலாம்' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பதிவுக்கு நாள் பார்க்கலாம். அட்வான்ஸ்கூட அதற்குப் பிறகுதான் என்று இவர். ஏரி நிலத்தைப் பட்டா நிலம் என்று விற்றுவிடுகிறார்களாம், பயம்.

அம்பத்தூர் ஸ்டேஷன் பக்கம் மாடியில் ஆபீஸ். வக்கீல் இல்லை. குமாஸ்தா மட்டும் பல் குத்திக்கொண்டு. "சார் கோர்ட்டுக்குப் போயிக்கீறாரும்மா. பாத்துகினுதான் கீறாரு. சொல்லி அனுப்புவாரு."
யாரிடம் சொல்லி அனுப்புவார்? காக்காயிடமா?

ஜூலை 5, புதன்
ரவை, சீயக்காய், இவர் பி.பி. மாத்திரை. மாத்திரை வாங்கிய கடையிலிருந்தே வக்கீலுக்கு போன். மறுபடி குமாஸ்தா. மறுபடி கோர்ட்.

டீச்சர் மகளுக்குப் பெங்களூரில் இந்த மாதக் கடைசியில் பிரசவம். வீட்டை முடித்துவிட்டுப் போக வேண்டும் அவருக்கு. "ஒரு தேதி மட்டும் சொல்லுங்கம்மா. ஒங்களுக்குத்தான் குடுக்கணும்னு காத்துட்டு இருக்கேன்." தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வழியெல்லாம் வெட்கம்.

ஜூலை 11, செவ்வாய்
இன்று ஆளையே பிடித்துவிட்டோம். மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தார். இவர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நிற்கிறார், ஃபேக்டரியில் மேலதிகாரியைக் கண்டதுபோல. நான்தான் கேட்டேன். "பாக்கலாம், பாக்கலாம்." ஆட்டோ ஏறிப் போய்விட்டார்.

வேறு வக்கீலிடம் போகலாம் என்றேன்.
"பெரிய மனுசர்ட்ட ஒண்ணைக் குடுத்துட்டு இன்னொருத்தர்ட்ட போகக் கூடாது. நச்சரிச்சா கோவத்துல குத்தம் சொல்லிருவாரு. சும்மா இரி."
சும்மா இருக்கிறேன். புளிக்குழம்பில் உப்பு கூடிவிட்டது. இவர் இரண்டாம் முறையும் ஊற்றிக்கொண்டார்.

ஜூலை 18, செவ்வாய்
ஆடி பிறந்துவிட்டது. அம்மன் கோயில் ஸ்பீக்கர் விடியும் முன்பே. கூழுக்குக் கேழ்வரகு கேட்டு வந்தார்கள், கொடுத்தேன்.

மங்கா அக்கா பஸ் பிடித்து வந்தார், முகமே சரியில்லை.
"டீச்சர் என்னாண்ட வந்து கேக்குது, அவங்களுக்கு இஸ்டம் இல்லியா, சொல்லக் கூச்சப்படறாங்களானு. வேற யாரோ வந்து ஊட்டைப் பாத்துட்டுப் போயிக்கிறான். நான் இன்னா பதில் சொல்றது செண்பகம்?"
இரண்டு பேரும் பழைய சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். டீ ஆறிப்போயிற்று.

ஜூலை 26, புதன்
வீடு போய்விட்டது.

திங்கட்கிழமையே பதிவாகிவிட்டதாம். வாங்கியவர் கறுப்புச் சட்டைக்காரர், நாள் நட்சத்திரம் பார்க்காதவர். ஆடியில் பத்திர ஆபீஸில் கூட்டமே இல்லை, போன சுருக்கில் வேலை முடிந்ததாம். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரை என்ன சொல்ல.

நேராக வக்கீல் ஆபீஸ். இன்று இருந்தார். நாற்காலி போடச் சொன்னார். காப்பி வாங்கி வரச் சொன்னார்.
"அந்த மேனாம்பேடு பத்திரம்தானே? பேப்பர் பக்கா. ஒரு வில்லங்கமும் இல்ல. அப்பவே பாத்துட்டேனே."
எப்போது என்று கேட்டேன்.
"நீங்க குடுத்த ரெண்டாம் நாளே. ஆடி வருது, ஆடியில யாரு பத்திரம் பண்ணுவா? ஆவணி மொத முகூர்த்தத்துக்குச் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்."

அப்போது ஆனி பாதிகூடத் தாண்டவில்லை. ஆனியிலேயே முடித்திருக்கலாம். ஆடியிலும்கூட வந்து கையெழுத்துப் போட்டிருப்பேன். அமாவாசை, அஷ்டமி எதுவானாலும் போட்டிருப்பேன். என்னைக் கேட்கத்தான் ஆளில்லை.

காப்பி வந்தது. இவர் குடித்தார். "ரொம்ப நன்றிங்க சார்" என்றும் சொன்னார். பஸ்ஸில் பக்கத்தில் உட்காரவில்லை நான்.

ஜூலை 30, ஞாயிறு
இவர் தம்பிக்குக் கடிதம் போட்டுவிட்டார். மாடியை வெள்ளையடித்து வைப்பார்களாம்.
சாமான் கட்ட அட்டைப்பெட்டி. பழைய புடவை நான்கு. குக்கர் கேஸ்கட்.
எதற்கும் மனசு இல்லை. அழுகை வந்தால் குழாயடிக்குப் போய்விடுகிறேன். இவரும் தூங்குவதில்லை, தெரியும். நானாகப் பேசமாட்டேன்.

ஆகஸ்ட் 7, திங்கள்
மேகம், மழை இல்லை. அக்காவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன்.

கொத்தனார் இருந்தார். புது வீட்டுக்காரர் அந்த வழியை அடைத்துத் தரச் சொன்னாராம். நியாயம்தான், அவர் வீடு. சித்தாள் வரவில்லை என்று கொத்தனார் ஒண்டியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். அக்கா உள்ளே போனவர் வெளியே வரவே இல்லை.

நான்தான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒவ்வொரு கல்லாக எடுத்துக் கொடுத்தேன்.