சைஸ் 85, பீஸ் 20

திங்கள்

காலையில் சாரல். வண்டி சீட்டைத் துப்பட்டாவால் துடைத்தேன். ஆபீஸ் வரும்வரை துப்பட்டா ஈரம்.

வெள்ளிக்கிழமை பெருமாநல்லூர் பனியன் கம்பெனியில் ஆப் காட்ட வேண்டும். வெட்டிக் கட்டிய துணி பண்டில் எந்த டைலரிடம் போகிறது என்று சொல்லும் ஆப். கட்டிங் ஸ்கிரீன் என்னுடையது. அதில் அடிக்கும் சைஸ், பீஸ் எண்ணிக்கை அடுத்த ஸ்கிரீனுக்குப் போகும். அது டைலர் ஸ்கிரீன், ஜெனியுடையது. வெள்ளிக்குப் பிறகு முழு ஆப்பையும் எங்களில் ஒருத்தியிடம் கொடுக்கப்போகிறாராம் சார். நான் வந்து நாலு வருஷம். ஜெனி தூத்துக்குடியிலிருந்து வந்து எட்டே மாதம்.

அவளுக்குக் கிடைத்தவை: ஜன்னலோர சீட். புது லேப்டாப். சார் வாயால் "கண்ணு".

முதல் வருஷம் என்னைத்தான் கண்ணு என்பார். எப்போது நின்றது? யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் இல்லை.

செவ்வாய்

வெயில். பால் பாக்கெட் மறந்தாயிற்று.

ஜெனி கூப்பிட்டாள். "அக்கா, இங்க பாருங்களேன். ஒங்க ஸ்கிரீன்ல 85 சைஸ், 20 பீஸ்னு அடிக்கேன். என் ஸ்கிரீன்ல 20 சைஸ், 85 பீஸ்னுல்லா வருது."

"உன்ற பக்கம் பாரு" என்றேன்.

அவள் சாப்பிடப் போனதும் என் பக்கம் திறந்து பார்த்தேன். தப்பு என்னுடையதுதான். அனுப்பும் வரிசையில் பீஸ் முன்னே, சைஸ் பின்னே. இத்தனை நாள் ஏன் தெரியவில்லை? சோதித்துப் பார்க்கும்போதெல்லாம் இரண்டு கட்டத்திலும் 85 என்றே அடிப்பேன். அப்பா, அம்மா இரண்டு பேரும் பனியன் கம்பெனி. பிறந்ததிலிருந்து காதில் விழுந்த பனியன் சைஸ்கள் 80, 85, 90. விரல் தானாகப் போய்விடும். ஜெனி கம்பெனி தந்த கட்டிங் சிலிப்பைப் பார்த்து அடிக்கிறாள். பிடித்துவிட்டாள்.

சொல்லவில்லை. தேடட்டும்.

தயிர் சாதம் இன்று நல்ல ருசி.

புதன்

காலையிலிருந்து ஜெனி அதே இடத்தில். கண் சிவந்து.

"அக்கா, ஒங்க ஸ்கிரீன உள்ள தெறந்து ஒரு தடவ பாக்கட்டா?"

"என்ற ஸ்கிரீன் நாலு மாசமா ஓடுது ஜெனி. அதுல ஒண்ணுமில்ல."

நம்பிவிட்டாள். நம்பியதுதான் இன்னும் எரிச்சல்.

நாலு மணிக்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். முதலில் வருவதைப் பீஸ் என்றும் அடுத்ததைச் சைஸ் என்றும் தன் பக்கத்தில் மாற்றி வாங்கிக்கொண்டாள். சரியாகக் காட்டியது. சார் தட்டிப் பார்த்துவிட்டு, "அட, கெட்டிக்காரி கண்ணு நீ!" ஆபீஸ் முழுக்கக் கேட்டது. என் தப்பை அவள் சரிக்கட்ட, பாராட்டு அவளுக்கு. வயிறு எரிந்தது. இங்கே எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது, எரிந்தது.

வியாழன்

பதினோரு மணி வரை கரண்ட் இல்லை. வேலை கொஞ்சம்தான்.

சாயங்காலம் எல்லோரும் டீக்குப் போனபோது என் ஸ்கிரீனைத் திருத்தினேன். சைஸ் முன்னே, பீஸ் பின்னே. முறைப்படி இதுதான் சரி. யார் கேட்டாலும் இதுதான் சரி.

ஜெனி மாற்றி வைத்தது அவள் பக்கம் அப்படியே இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் மறுபடி தலைகீழ். தெரியும். நாளைக்குக் கொண்டுபோகும் போனில் ஏற்றியும் வைத்தேன்.

வாங்க வேண்டியது: பால், ரவை, செருப்புக்குப் புது வார்.

வெள்ளி

மேகமூட்டம். சார் காரில் மூவரும்.

கட்டிங் மாஸ்டர் என் ஸ்கிரீனில் 85, 20 என்று அடித்தார். ஜெனியின் ஸ்கிரீன் திறந்தது. சைஸ் 20, பீஸ் 85.

"ஏனுங்க, இருவது சைஸ் பனியன் யாருக்குங்க? பொம்மைக்குங்களா?" என்றார் மாஸ்டர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஓனர் யாரிடமோ போன் பேசிக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

"தப்பு என் பக்கந்தான் சார்" என்றாள் ஜெனி. "நேத்து மத்தியானம் கூட நல்லா வந்துச்சு." என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது சார் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "சுமதி, இனி முழு ஆப்பும் நீங்களே பாத்துக்குங்க."

"சரிங்க சார்."

ஆசைப்பட்டது கிடைத்தாயிற்று. முன் சீட்டில் ஜெனி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். சார் ஒரு கையால் தண்ணீர் பாட்டிலை அவளிடம் நீட்டினார்.

"அழுவாத கண்ணு. உடு, அடுத்ததுல பாத்துக்கலாம் கண்ணு."

ஒரு தடவை இல்லை. இரண்டு தடவை.