நரிக்கு எந்தத் தோட்டா?

அப்பா,

இன்னைக்குச் சாயங்காலம் நரியைச் சுட சின்னத் தோட்டா போடுற பாயிண்ட் டூ டூ ரைஃபிள் போதுமா, இன்னும் பெரிய தோட்டா வேணுமான்னு காலையிலேர்ந்து நீயும் ஆனந்தகுமார் மாமாவும் பேசிக்கினு இருக்கீங்க. "ஒரே அடியில சாயணும்பா"ன்னு மாமா சொன்னப்போ நான் இட்லியைப் பாதியில வெச்சிட்டு எழுந்துட்டேன்.

என் ஓட்டு சின்னதுக்குத்தான். தோட்டாவே வேணாம்னா இன்னும் நல்லது. ஏன்னா அந்த நரி ரொம்பச் சின்னதுப்பா, நாலாங்கிளாஸ்தான் படிக்குது.

போன வாரம் கரும்புக்குள்ள உக்காந்து ஊளையிட்டது நான்தான். மாமா வேட்டியை மடிச்சிக்கினு ஓடுறதைப் பார்க்கத்தான் அப்படிப் பண்ணேன். ஆனா நேத்து ஊளை கேட்டப்போ நான் உன் பக்கத்துல டீ குடிச்சிக்கினு இருந்தேன். அது தங்கச்சி. அவளுக்கு ஊளையிடக் கத்துக் குடுத்தது என் தப்பு.

"இன்னைக்குப் போகாதே"ன்னு அவகிட்ட சொன்னேன். "நீ மட்டும்தான் நரியா?"ன்னு சிரிச்சிட்டு ஓடிட்டா. கரும்புல எங்கே ஒளிஞ்சிருக்கான்னு தெரியலை. தேடப் போறேன்.

இந்த லெட்டரைத் தோட்டாப் பையில வெச்சிருக்கேன். அதைத் திறக்காம நீ சுட முடியாது. படிச்சதும் துப்பாக்கியைக் கீழ வெச்சிட்டு, அவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கினே வாப்பா. இப்போ கரும்புக்குள்ள ரெண்டு நரி இருக்குது.

இப்படிக்கு,
உன் பெரிய நரி