இடப்பக்கக் கல்லில் அப்பா

அன்புத் தம்பி சுண்டுவுக்கு,

அக்கா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்றுதான் தொடங்கவேண்டும். முதல் சொல் பொய்யாகிவிடும் என்பதால் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொள். உன் நலமறிய ஆவல்.

நீ போனில் கூப்பிடும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே படுத்திருக்கிறார். நீ எதைக் கேட்டாலும் நான் "ம், நல்லாருக்கார்" என்று முடித்துக்கொள்வது அதனால்தான். இந்த ஒண்டுக் குடித்தனத்தில் ரகசியம் பேச ஒரு மூலை கிடையாது. உன் கம்பெனிக்கே வேலைக்கு வரும் கீழ்வீட்டுப் பெயிண்டர் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில், நீங்கள் இருவரும் போனில் ஆடும் விளையாட்டைப் பற்றி அப்பா சொல்லச்சொன்னது. உனக்குக் கடிதம் எழுதப்போகிறேன் என்றதும், தலையணையை நிமிர்த்தி வைக்கச்சொல்லி உட்கார்ந்துவிட்டார். "ஏரிக்கரைப் பூதத்தைப் பார்த்ததும் வெட்டாதேன்னு எழுது. அவனுக்கு எப்பவும் கை பரபரக்கும்" என்றார். பூதம் தூங்கும்வரை காத்திருந்து, முதலில் அதன் இடுப்புச் சாவியைத் திருடவேண்டுமாம். அப்புறம் வெட்டினால் வழக்கமான பொருளோடு போனஸாக ஒரு மோதிரமும் விழுமாம். கிடைக்கிற பெட்டிகளை அங்கேயே திறக்கக் கூடாதாம். விளையாட்டில் பௌர்ணமி வரும்வரை சேர்த்துவைத்தால் ஒவ்வொன்றிலும் இரண்டு பொருள் இருக்குமாம். தேய்ந்த செருப்பைச் சந்தையில் தள்ளிவிடாமல் பாலத்தடிக் கிழவனுக்குக் கொடுத்தால், அவன் என்றைக்காவது ஒரு கவசம் தருவானாம். ஆயுசு முழுக்க லிப்ட் பழுதுபார்த்தவர் இல்லையா, எதையும் அவசரப்பட்டு அமுக்கக் கூடாது என்பதுதான் அவர் கட்சி. உடம்பைப் பற்றி ஒரு வரி எழுதக் கூடாது என்றும் கட்டளை.

அந்தக் கட்டளையை மீறித்தான் மீதியை எழுதுகிறேன். டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பேசினார். நுரையீரலில் இனிச் செய்ய ஒன்றுமில்லையாம், வீட்டிலேயே வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் உனக்கு விளக்கவேண்டாம். கட்டிலோரம் ஆக்சிஜன் சிலிண்டர் வந்துவிட்டது. மாட்டியவனுக்கு வால்வைத் திருகவே தெரியவில்லை என்று அப்பா மூச்சுத் திணறத் திணறத் திட்டினார். அவருக்கும் எல்லாம் தெரிந்திருக்கும். என்னிடம் காட்டிக்கொள்வதில்லை, நானும் அவரிடம் காட்டிக்கொள்வதில்லை.

இப்போது அந்தக் கதவு விஷயம். இரட்டை விளக்கு இருக்கும் குகைக்கதவு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் இரண்டு கல்லில் ஏறி நின்றால்தான் திறக்கும், ஆளுக்கொரு விளக்கு கிடைக்கும் என்று எனக்குப் பாடம் நடத்தியவன் நீதான். "நான் வந்ததும் சேர்ந்து எடுப்போம்பா, வேற யார்கூடவும் எடுத்துடாதீங்க" என்று பஸ் ஏறும்போது சொன்னாய். நீ மறந்திருப்பாய். அவர் தினமும் விளையாட்டைத் திறந்ததும் நேரே அங்கே போய் இடப்பக்கக் கல்லில் நின்றுகொள்கிறார். வைத்தியர் வேஷம், வெள்ளைத் தாடி, கையில் ஒரு கோல். முன்பின் தெரியாத ஆட்களெல்லாம் வந்து, தாத்தா, நான் நிற்கட்டுமா என்று எழுதிக் கேட்கிறார்கள். ஆள் வந்துகொண்டிருக்கிறது என்று எல்லாருக்கும் ஒரே பதிலைப் போட்டுவிட்டு நிற்கிறார்.

எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. உன் பாஸ்வேர்டுதான் தெரியுமே. போன வாரம் சமையலறையில் நின்று, என் போனில் உன் வீரனைத் திறந்து, மெதுவாக நடத்திக்கொண்டுபோய் வலப்பக்கக் கல்லில் நிறுத்தினேன். கதவு திறந்தது. உள்ளே இரண்டு விளக்குகள் எரிவது தெரிந்தது. அப்பா சந்தோஷத்தில் என்னைக் கூப்பிடுவார் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஆனால் வைத்தியர் கல்லைவிட்டு இறங்கி, குகைக்கு முதுகைக் காட்டி நடந்துவிட்டார். கதவு மூடிக்கொண்டது.

ஒன்றும் தெரியாதவள் மாதிரி தண்ணீர் எடுத்துப்போய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு, "அவன் குதிச்சுக்கிட்டேதான் வருவான். ஒரு இடத்துல சும்மா நிக்கத் தெரியாது அவனுக்கு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அடுப்பை அணைச்சியா? கருகுற வாசனை வருது" என்றார். அவ்வளவுதான். நாலு திட்டு திட்டியிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். கருகிய பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே அழுதேன். மறுநாள் அவர் மறுபடியும் அந்தக் கல்லில்தான் நின்றார்.

சுண்டு, உன் பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருக்கிறது, ஒப்பந்தம் முடியாமல் விடமாட்டார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வா என்று எழுதி உன்னை வதைக்கமாட்டேன். வேலை அலுப்பில் விளையாட்டையே தொடுவதில்லை என்றாய், அதிலும் தப்பில்லை. ஆனால் விடுமுறை நாளில் டவுனுக்குப் போவாய் அல்லவா? அங்கே நெட் கிடைக்கும் அல்லவா? ஒரே ஒருமுறை திற. உடம்பு எப்படி என்று மட்டும் கேட்டுவிடாதே, நான் எழுதிவிட்டேன் என்று கண்டுபிடித்துவிடுவார். எப்போதும்போலக் குதித்துக் குதித்து வந்து வலப்பக்கக் கல்லில் ஏறு. எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

உயரத்தில் ஏறும்போது பெல்ட்டை மாட்டிக்கொள். வேளைக்குச் சாப்பிடு. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்கவேண்டும். இதை எழுதி மடிக்கும் இந்த நேரத்திலும் அப்பா போனும் கையுமாக அங்கேதான் நிற்கிறார். சீக்கிரம் வந்துவிடு, தம்பி.

உன்னைப்போல் குதிக்கத் தெரியாத,
அக்கா