தண்டவாளத்தில் உப்பு

2 ஜூலை 1934
மாம்பலம் பக்கத்து ரயில்வே கேட்டில் மறுபடி தகராறு. ரயிலே இல்லை, சிக்னல் சிவப்பில் நிற்கிறது. தண்டவாளத்தின் ஒரு முனையில் விடும் மின்சாரம் மறுமுனையிலுள்ள ரிலேக்கு முழுசாக வந்து சேர்ந்தால்தான் சிக்னல் பச்சைக்கு மாறும். மீட்டரை வைத்தால் ஊசி பாதியிலேயே நின்றுவிடுகிறது. காலையில் மட்டும்தான் இப்படி. என்ன கண்றாவியோ.

4 ஜூலை
ரிலேயை மாற்றினோம், கம்பியை மாற்றினோம். பலன் இல்லை. இன்ஸ்பெக்டர் சுவாமிநாதன் சொல்லிவிட்டார்: "லாசர், இந்த வாரத்துக்குள்ள சரியாகலேன்னா உம்மை விழுப்புரத்துக்குத் தள்ளிடுவா."

தேசம்மா தினமும் மீன்கூடையோடு இந்தக் கேட் வழியாகத்தான் போகிறாள். புருஷனைக் கடல் கொண்டுபோனபின் ஒண்டியாக உழைக்கிறாள். அவளைக் கட்டிக்கொள்ள ஆசை. இன்னும் ஒரு வார்த்தை பேசியதில்லை. நாற்பது வயசில் என்ன பயமோ எனக்கு.

5 ஜூலை
காரணம் தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

வீட்டு வாசல்களில் சொட்டினால் திட்டு விழும் என்று மீன்காரப் பெண்கள் கேட்டின் நடுவில், தண்டவாளங்களுக்கிடையே போட்ட பலகைமேல் கூடையைச் சாய்த்து வடியவிடுகிறார்கள். பலகையைத் தொட்டு நாக்கில் வைத்தேன். கடல்தண்ணீர். மின்சாரம் அந்த ஈரத்தின் வழியே குறுக்கே மற்றத் தண்டவாளத்துக்கு ஓடிப்போகிறது. வெயில் ஏறிக் காய்ந்ததும் சரியாகிறது.

மேலதிகாரிகளிடம் சொன்னால் இந்தப் பெண்களைக் கேட்டில் விடவே மாட்டார்கள். தேசம்மாவிடம் நான்தான் சொல்லவேண்டும்.

6 ஜூலை
சொன்னேன். "இங்க கூடைய வடிக்காத, ரயிலுக்கு ஆவல."

"இம்மா நாளா வாயத் தொறக்காம பாத்துக்கினு நின்ன. தொறந்ததும் என் கூடைதான் தெரிஞ்சிதா?"

ஐயோ லாசரு — நீ பார்த்தது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

7 ஜூலை
ஊசி முழுசாக ஏறியது. மாற்றல் இல்லை. தேசம்மா சொல்லியிருப்பாள் போல, மற்ற பெண்கள் கேட்டுக்கு வெளியே மணலில் வடித்துவிட்டுப் போனார்கள். அவள் மட்டும் வரவில்லை. "அவ வேற பக்கமா போறா" என்றாள் அவர்களில் ஒருத்தியான முத்தம்மா.

10 ஜூலை
இன்றும் இல்லை. சோறு இறங்கவில்லை. எதற்கு இந்த மாம்பலம்?

13 ஜூலை
வந்தாள். மணலில் கூடையைச் சாய்த்துவிட்டு மீட்டரைப் பார்த்தாள். "ஊசி இன்னா சொல்லுது?"

சரியாக இருக்கிறது என்றேன். பிறகு விழுப்புரத்துக்கு மாற்றப் பார்த்ததையும், அவளைப் பார்க்காமல் இருக்க முடியாது என்பதையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, "தூக்கி வுடு" என்றாள். கூடையைத் தூக்கி அவள் தலையில் வைத்தேன்.

"ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சி வூட்டாண்ட வா. எங்கம்மா கீது, அதாண்ட பேசு. மீன் கீன் வாங்கிக்கினு வராத, நான் ஆக்கி வைக்கிறேன்."

வெள்ளைச் சட்டையைச் சலவைக்குப் போட்டிருக்கிறேன்.